பம்ப் டியூப்ல காத்துக் குமிழி, யாராச்சும் சொல்லுங்க

கோத்தகிரில இருக்கோம். பொண்ணுக்கு 11 வயசு, டைப் 1 சுகர், எட்டு மாசமா இன்சுலின் பம்ப். டியூப் வச்ச மாடல், 3 மி.லி. ரிசர்வாயர் (இன்சுலின் நிரப்புற குப்பி), 6 மி.மீ. கேனுலா (தோலுக்குள்ள போற சின்னக் குழாய்). மூணு வாரமா டியூப்ல காத்துக் குமிழி வருது, அலாரம் அடிக்கவே இல்ல, ஆனா ரெண்டு மூணு மணி நேரத்துல சுகர் 300 தாண்டிடுது. கோயமுத்தூர் செக்கப் போயிட்டு மலை ஏறி வந்த அன்னைக்கு ராத்திரிதான் ரொம்ப மோசம், மேல வர வர காத்தழுத்தம் குறையும்ல அதனாலயோன்னு சந்தேகம், ஆனா வீட்லயே இருக்குற நாள்லயும் வருதே. 1 யூனிட்டே 0.01 மி.லி.தான், சின்னக் குமிழிதானேன்னு விட முடியல.

டியூப், கேனுலா செட்டை நாலு தடவை மாத்தியாச்சு, வயித்துல இருந்து தொடைக்கு மாத்திப் பாத்தாச்சு. பேனால போட்டா சுகர் இறங்கிடுது, அப்ப மருந்து கெடல. கீட்டோன் (இன்சுலின் பத்தாதப்ப ரத்தத்துல ஏறுறது) ஒரு தடவை 0.9 வந்துச்சு, டாக்டர்கிட்ட போன்ல கேட்டு சரி பண்ணோம். ஹெல்ப்லைன்ல "பிரைம் பண்ணுங்க" (இன்சுலினை ஓட விட்டு டியூப்ல இருக்குற காத்தை வெளியேத்துங்க)ன்றதுக்கு மேல பேச்சே இல்ல. சில்லுன்னு இருக்குற இன்சுலினை நிரப்பினா அது சூடாகும்போது குமிழி வரும்ல, இங்க குளிரு வேற, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அரை மணி நேரம் வெளிய வச்சாலும் சில்லுன்னேதான் இருக்கு.

ஊட்டி, குன்னூர் பக்கம் பம்ப் போட்டிருக்கிறவங்க, ரிசர்வாயர் நிரப்புறதுக்கு முன்னாடி இன்சுலினை எவ்ளோ நேரம், எப்படி வச்சு குளிர் விட வைக்கிறீங்க?