மாலை போட்ட அண்ணனுக்கு வந்த வலிப்பும் குடிநோய்ச் சிகிச்சையும்: வழிகாட்டல் வேண்டும்

கேள்வி: கொங்குத் தங்கை

என் அண்ணனுக்கு வயது 42. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நெடுங்காலமாக நாள்தோறும் குடிக்கிறார். அண்மைக் காலமாக, காலையில் எழுந்ததும் கொஞ்சம் குடித்தால்தான் கை நடுக்கம் அடங்கி இயந்திரத்தின் முன் நிற்க முடிகிறது. சென்ற கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு, அன்றே குடியை அறவே நிறுத்தினார். மறுநாள் வியர்த்துக் கொட்டியது, கை உதறியது. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் வலிப்பு வந்து விழுந்தார். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். விரதத்தில் நேர்ந்த ஏதோ குறைதான் சாமி குற்றமாகிவிட்டது என்று அம்மா இன்றும் அழுகிறார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய வாரமே அண்ணன் மறுபடியும் தொடங்கிவிட்டார். "குடித்தால் நன்றாக இருக்கிறேன், நிறுத்தினால்தான் நோய் வருகிறது" என்கிறார்.

காபியில் கலந்து கொடுத்தால் குடியை வெறுக்கச் செய்யும் என்று யாரோ சொன்ன மாத்திரையை அண்ணி வாங்கி வைத்திருக்கிறார். ஆளை வேனில் வந்து ஏற்றிச் சென்று ஆறு மாதம் வைத்திருக்கும் இல்லம் ஒன்றை உறவினர் ஒருவர் சொல்கிறார். எதைச் செய்வதென்று தெரியவில்லை. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மனநல மருத்துவர், அரசு மருத்துவமனை

சகோதரி, முதலில் அந்த மாத்திரையை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அது பெரும்பாலும் டைசல்பிராமாக இருக்கும். மது உடலுக்குள் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாக மாறி, அதன் பிறகே தீங்கற்றதாகச் சிதைகிறது. இரண்டாவது படியை இந்த மருந்து தடுத்துவிடுவதால், குடித்தவுடன் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. இம்மருந்து நல்ல மருந்துதான். ஆனால் தான் எதை உட்கொள்கிறோம் என்பதை அறிந்து ஒப்புக்கொண்டவருக்கு, கல்லீரலையும் இதயத்தையும் சோதித்த பிறகு, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிந்தபின் தரவேண்டியது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் விளைவு நீடிக்கக்கூடும். "இப்போது குடித்தால் ஆபத்து" என்று அவருக்குத் தெரிந்திருப்பதே இந்த மருந்தின் பயன். தெரியாமல் கொடுக்கும்போது அந்தப் பயன் போய் ஆபத்து மட்டுமே மிஞ்சுகிறது.

உங்கள் அம்மாவிடம், இது சாமி குற்றம் அல்ல என்று ஒரு மருத்துவர் உறுதியாகச் சொன்னதாகச் சொல்லுங்கள். மது மூளையின் இயக்கத்தைத் தொடர்ந்து அமுக்குகிறது. அதை ஈடுகட்ட, மூளை ஆண்டுக்கணக்கில் தன்னைக் கூடுதல் விழிப்பு நிலைக்குப் பழக்கிக்கொள்கிறது. மது திடீரென்று நின்றுபோனால் அந்த மிகை விழிப்பு மட்டும் தடையின்றி எஞ்சுகிறது. அதுவே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும் வலிப்பும் அதுவே. இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்கு, இல்லாத உருவங்கள் தெரிவதும், ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவதும், காய்ச்சலும் சேர்ந்து வரும். அது சிகிச்சையின்றி விட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே உங்கள் அண்ணன் வீட்டிலேயே, மருந்தில்லாமல், மன உறுதியை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது.

மருத்துவமனையில் இதற்கு, மூளையின் மிகை விழிப்பை அடக்கும் குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்தை முதலில் போதிய அளவில் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறுத்துவோம். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம் தருவோம். நீங்கள் நினைவில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு: குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போட்டார்களா என்று கேளுங்கள். நெடுநாள் குடிப்பவர்களின் உடலில் அது வற்றிப்போயிருக்கும். அந்நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் பார்வையும் நடையும் தடுமாறி, நினைவாற்றல் நிலையாகவே பழுதுபடலாம்.

இந்த ஒரு வாரத்தைத்தான் பல குடும்பங்கள் முழுச் சிகிச்சை என்று நம்பிவிடுகின்றன. உண்மையில் சிகிச்சை அதற்குப் பிறகே தொடங்குகிறது. நாட்டத்தைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் தருவதும், ஆலோசனையும், தொடர் கண்காணிப்பும் அதில் அடங்கும்.

பதில்: விலகி நிற்பவன்

மருத்துவர் சொன்னதோடு, குடித்தவனாக நான் அறிந்த ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்த உங்கள் அண்ணனிடம் மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் விரதத்துக்கு முடிவு நாள் ஒன்று உண்டு. அந்த நாளை மனம் எண்ணிக்கொண்டே இருக்கும். மாலை இருக்கும்வரை ஊரே காவல் நிற்கிறது, "சாமி" என்று மரியாதையாக அழைக்கிறது. கழற்றிய மறுநாள் பழைய நண்பர்கள், பழைய கடை, பழைய சம்பள நாள், இவை அத்தனையும் அப்படியே காத்திருக்கின்றன. 1935இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று நம் ஊர்களிலும் தமிழிலேயே கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் "இன்று ஒரு நாள் மட்டும்" என்பார்கள். கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்அனான் கூட்டங்கள் தனியே உண்டு. அண்ணியை அங்கே அனுப்புங்கள், அண்ணன் வராவிட்டாலும்.

பதில்: போதை மீட்பு ஆலோசகர்

வேனில் ஏற்றிச் செல்லும் இல்லத்தைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் வைக்கிறது. அதன்படி பொதுவான வழி, நோயாளி தானே ஒப்பி உள்நோயாளியாகச் சேர்வது. முடிவெடுக்க இயலாத கடும் நிலையில் நியமனப் பிரதிநிதியின், அதாவது அவர் சார்பில் செயல்பட நியமிக்கப்பட்டவரின், விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கலாம். அப்போதும் மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து ஒப்பவேண்டும், முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற இடமா, மருத்துவர் உண்டா, குடும்பத்தார் பார்க்க விடுவார்களா என்று விசாரியுங்கள். வலிப்பு வரக்கூடிய ஒருவரை மருத்துவர் இல்லாத இடத்தில் பூட்டிவைப்பது கொடுமை.

குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய மீட்பு மையம், நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் இடம் தந்தது. நல்ல மையங்கள் பலவும் இன்று அவ்வாறே செய்கின்றன. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். அந்த ஒருவராக உங்கள் அண்ணன் இருக்கட்டும் என்று மனமார விரும்புகிறேன்.

"நிறுத்தினால்தான் நோய் வருகிறது" என்று அவர் சொல்வதை மறுக்காதீர்கள்; அவர் உடலில் நடந்ததைத்தான் சொல்கிறார். "ஆமாம் அண்ணா, அதற்கு மருந்து இருக்கிறதாம், நடுக்கம் வராமலே நிறுத்தலாமாம்" என்று, அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, தனியாகச் சொல்லிப் பாருங்கள்.

கொங்குத் தங்கை

மிக்க நன்றி. மாத்திரையை அண்ணியிடமிருந்து வாங்கி அப்புறப்படுத்திவிட்டேன். அண்ணன் மருத்துவமனைக்கு வர மறுத்தால் என்ன செய்வது?

மனநல மருத்துவர், அரசு மருத்துவமனை

அவர் வராவிட்டாலும் நீங்களும் அண்ணியும் வாருங்கள். மனநலப் புறநோயாளிப் பிரிவில் குடும்பத்தாரிடமும் பேசுவார்கள். 14446 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை பெறலாம். அதுவரை சண்டையிட்டுப் பாட்டிலைப் பிடுங்கித் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். அவராக நிறுத்தி, வலிப்போ பிதற்றலோ காய்ச்சலோ தென்பட்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். வந்தவர்களிடம் அவர் நாள்தோறும் குடிப்பவர் என்பதையும், கடைசியாக எப்போது குடித்தார் என்பதையும், முன்பு வலிப்பு வந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.