சேலத்திலிருந்து கடலுக்கு: அலையைத் தேடுவதா, காற்றைத் தேடுவதா?

அஸ்தம்பட்டி வாசி:
நாங்கள் நான்கு நண்பர்கள். எல்லோருக்கும் நன்றாக நீந்தத் தெரியும். இருவர் அலைச்சறுக்கு கற்க விரும்புகிறார்கள். ஒருவருக்குப் பலகையில் பாய் கட்டிக் காற்றில் ஓடும் விண்ட்சர்ஃபிங், எனக்குப் பெரிய காற்றாடி இழுக்கப் பலகையில் சறுக்கும் கைட்சர்ஃபிங். ஆடி மாதத்தில் கிளம்புவதாகத் திட்டம். மூன்றுக்கும் பொருந்தும் ஒரே கடற்கரை எது?

ஆத்தூர் சாலை:
யோசிக்கவே வேண்டாம், மாமல்லபுரம் அல்லது சென்னைக்கு அருகிலுள்ள கோவளம். 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் மாமல்லபுரத்தில்தான் நடந்தன. வெளிநாட்டு வீரர்களே வந்து இறங்கும் கரையை விட்டுவிட்டு வேறெங்கே போவது?

சேர்வராயன்:
அந்தப் போட்டிகள் ஏன் ஆகஸ்டில் நடந்தன என்று பாருங்கள் தம்பி. அப்போது இந்தியப் பெருங்கடலின் தெற்கிலிருந்து எழும் நீண்ட அலைகள் நம் கரைக்கு வருகின்றன. காலையில் மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி, உடையும் அலையின் முகத்தை வழவழப்பாக்குகிறது. அலைச்சறுக்குக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

அதே காற்று கைட்டுக்கு எமன். பலகை கைநழுவினாலோ காற்றாடி நீரில் விழுந்து எழாமல் போனாலோ, அது உங்களை வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டே போகும். கைட்டுக்கும் விண்ட்சர்ஃபிங்குக்கும் கரைக்கு இணையாகவோ, சற்றே கரையை நோக்கிச் சாய்வாகவோ காற்று வீச வேண்டும். ஆகவே மூன்றுக்கும் ஒரே கரை என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அலை வேண்டியவர்கள் மாமல்லபுரம், காற்று வேண்டியவர்கள் ராமேஸ்வரம்.

ஆத்தூர் சாலை:
ஐயா பாதி நாளைத்தான் சொல்கிறார். நண்பகலுக்குப் பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறிவிடும். கோவளத்தில் அப்போது கைட் பறக்கவிடலாம். காலையில் அலை, மாலையில் காற்று, ஒரே அறை வாடகை.

தூரத்தையும் எண்ணிப் பாருங்கள். திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் 350 கிலோமீட்டருக்கு மேல். ஆண்டுக்கு ஒருமுறை போய்வந்தால் உடம்பு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. சென்னைப் பக்கமும் தொலைவு என்றால் பாண்டிச்சேரி இருக்கிறது. உளுந்தூர்பேட்டை வழியாக 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அங்கே தந்திராயன்குப்பத்தில் தூண்டில் வளைவுகளை, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளை, ஒட்டி அலை ஒழுங்காக உடைகிறது. சனி இரவு பஸ் ஏறினால் ஞாயிறு காலை கடலில் நிற்கலாம். அடிக்கடி போகக்கூடிய சுமாரான கரை, எப்போதோ ஒருமுறை போகும் உயர்ந்த கரையைவிட மேல்.

சேர்வராயன்:
அலைச்சறுக்குக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இடுப்பளவு ஆழம், மணல் தரை, உடைந்து வரும் நுரை அலை, எட்டு ஒன்பது அடி நீளமுள்ள மெத்துப்பலகை: தொடக்கத்துக்கு இவை போதும். ஆனால் தூண்டில் வளைவின் கல்லருகே கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் இருக்கும். புதியவர்கள் அங்கிருந்து நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும்.

கைட் அப்படியல்ல. கயிறுகள் மட்டுமே 20 மீட்டருக்கு மேல் நீளம். கரையில் படகுகளும் வலைகளும், பின்னால் சவுக்குத் தோப்பும் மின்கம்பியும் இருக்கும் இடத்தில், கட்டுப்பாடு வராத ஒருவர் காற்றாடி ஏற்றுவது மற்றவர்களுக்கும் ஆபத்து. கரையோரத்தில் உடையும் அலை, விழுந்தவரை எழவிடாமல் கயிற்றில் சுற்றிப்போடும்.

ராமேஸ்வரத்தின் அருமை இங்கேதான். இலங்கை குறுக்கே கிடப்பதால் தென்கடலின் பேரலை பாக் நீரிணைக்குள் நுழைவதில்லை. தனுஷ்கோடிப் பக்கத்து மணல்திட்டுகளைக் காற்று கடந்து வருகிறது, அலை கடக்க முடிவதில்லை. இடுப்பளவுத் தட்டை நீரில் நூறு முறை விழுந்தாலும் எழுந்து நிற்கலாம். ஆடியில் தென்மேற்குக் காற்றும், தை மாசியில் வடகிழக்குக் காற்றும் கிடைக்கின்றன. எந்தக் கரையில் இறங்குவது என்பதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏற்காடு மேட்டுத்தெரு:
கடலுக்குப் போகும் முன் எங்கள் ஏரியிலேயே பாய் பிடித்துப் பழகினால் என்ன?

சேர்வராயன்:
மலைச்சரிவும் மரங்களும் சூழ்ந்த படகு ஏரி அது. காற்று சுழன்று சுழன்று அடிக்கும், நிலையாக ஒரு பக்கமிருந்து வராது. சுழல்காற்றில் பழகிய கை, தப்பாகவே பழகிவிடும்.

அஸ்தம்பட்டி வாசி:
அப்படியானால் அலைக்காரர்கள் இருவரும் பாண்டிச்சேரி, நானும் விண்ட்சர்ஃபிங் நண்பரும் ராமேஸ்வரம். ஐப்பசியில் போனால் காற்று இன்னும் பலமாக இருக்குமா?

ஆத்தூர் சாலை:
ஐப்பசி வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், கலங்கிய கடல். எந்தக் கரையானாலும் மீனவர்கள் படகை மணலில் ஏற்றி வைத்திருக்கும் நாளில் நீங்கள் இறங்கக்கூடாது. இதில் ஐயாவுக்கும் எனக்கும் வேறுபாடு இருக்காது.

ஆனால் நால்வரையும் இரண்டு ஊருக்குப் பிரித்தது எனக்கு உடன்பாடில்லை. நீரில் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ள நால்வர் இருப்பது பெரிய பாதுகாப்பு. முதல் பயணம் நால்வரும் பாண்டிச்சேரிக்கே போங்கள். கைட்டை அடுத்த ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்.

சேர்வராயன்:
கைட் கற்க வந்தவரை ஓராண்டு காத்திருக்கச் சொல்வது என்ன நியாயம்? நால்வரும் ராமேஸ்வரமே போகட்டும். தட்டை நீரில் பலகை மேல் நிற்கப் பழகிய கால்கள் பிறகு அலையிலும் நிற்கும்.

ஆத்தூர் சாலை:
நிற்காது ஐயா. அலை எழும் கணத்தைக் கண்டு துடுப்பாய்க் கைபோட்டு எழுவதுதான் அலைச்சறுக்கில் பாதி வித்தை. அலையே இல்லாத நீரில் அதை யார் கற்றுத்தர முடியும்?