போயா, தீபாவளி நாட்களில் கூகுள் மேப்பில் கடை நேரம் பிழையாகக் காட்டுகிறது: எப்படித் திருத்துவது?

ஹட்டன், புடவைக் கடை:

வணக்கம். ஹட்டனில் அப்பா நடத்தும் புடவைக் கடையின் கூகுள் கணக்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வழக்கமாகக் காலை 9 மணி முதல் மாலை 7 மணி வரை கடை திறந்திருக்கும். இந்த 2025 தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களும், முற்பணம் கையில் கிடைத்த தோட்ட மக்கள் வேலை முடிந்த பிறகுதான் வருவார்கள் என்பதால், இரவு 10 மணி வரை திறந்து வைத்தோம். அதற்காக வழக்கமான நேரத்தையே மாற்றிவிட்டேன். ஒக்டோபர் 20ஆம் திகதி தீபாவளியன்றும் மறுநாளும் கடை பூட்டு என்பதை எங்கும் பதியவில்லை. 21ஆம் திகதி மஸ்கெலியாவிலிருந்து ஓர் அம்மா, இளைய மகனுக்கு வாங்கிய காற்சட்டை சிறிதாகிவிட்டது என்று, பற்றுச்சீட்டைப் பையில் குத்தி எடுத்துக்கொண்டு, அன்றைய பேரையும் (தோட்டத்து நாட்சம்பளத்தையும்) விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறார். கடை திறந்திருப்பதாகக் கைப்பேசியில் பார்த்துச் சொன்னவர் அவருடைய மூத்த மகன். பக்கத்துக் கடைக்காரர் இதைச் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

இன்னொன்று: இலங்கையில் பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் பகல் 1 மணி வரை திறக்கிறோம். ஆனால் அன்று மட்டும் நேரம் மாறுபடலாம் என்ற குறிப்பு வருகிறது. அதை எப்படி நீக்குவது?

நுவரெலியா, விருந்தினர் விடுதி:

வழக்கமான நேரத்தைப் பண்டிகைக்காகத் தொடவே வேண்டாம். கடையின் கணக்கில் நுழைந்து நேரம் திருத்தும் பகுதிக்குப் போனால், சிறப்பு நேரம் என்று தனியாக ஒன்று இருக்கும். அதில் திகதியைத் தெரிவுசெய்து, அன்றைக்குரிய நேரத்தையோ பூட்டு என்பதையோ பதிந்தால், அந்த நாளில் மட்டும் அது வழக்கமான நேரத்தை மேவி நிற்கும். நாள் கடந்ததும் பழைய நேரம் தானாகவே திரும்பிவிடும். நீங்கள் மறந்தாலும் பிழை வராது என்பதுதான் இதன் பெரிய பயன்.

போயா குறிப்பும் இதனால்தான் வருகிறது. அன்று பொது விடுமுறை என்பது கூகுளுக்குத் தெரியும், ஆனால் உங்கள் கடை என்ன செய்யும் என்பது தெரியாது. ஆகவே உரிமையாளர் அந்தத் திகதியை உறுதிசெய்யும்வரை எச்சரிக்கை காட்டும். நேரத்தில் மாற்றமே இல்லாத விடுமுறை நாளுக்கும் வழக்கமான நேரத்தையே சிறப்பு நேரமாகப் பதிந்துவிடுங்கள். போயா சந்திரனைப் பொறுத்து நகர்வதால் வாரக் கிழமையை வைத்துப் பதிய முடியாது. நாட்காட்டியை அருகில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 12 அல்லது 13 திகதிகளையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். நாட்காட்டியில் அரச, வங்கி, வர்த்தக விடுமுறைகளுக்கு வெவ்வேறு அடையாளம் இருக்கும். கடை ஊழியர்களுக்குரியது வர்த்தக விடுமுறை என்பதால் அதைக் கவனித்துப் பாருங்கள்.

ஹட்டன், புடவைக் கடை:

மிக்க நன்றி. இரண்டு நாள் பூட்டுவதற்கு "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்பதைப் போடலாமா?

நுவரெலியா, விருந்தினர் விடுதி:

வேண்டாம். அது ஒரு வாரமோ அதற்கு மேலோ பூட்டுபவர்களுக்கானது. திறந்ததும் நீங்களே மாற்றாவிட்டால் அப்படியே கிடக்கும். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் பூட்டினாலும் சிறப்பு நேரமே போதும்.

பதுளை, பேக்கரி:

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூகுளில் மாற்றியது முகநூல் பக்கத்துக்கோ வாட்ஸ்அப் பிசினஸுக்கோ போகாது. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில், நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் செய்திக்குத் தொடக்கமும் முடிவும் குறிக்கலாம். "21ஆம் திகதி பூட்டு, 22ஆம் திகதி காலை 9 மணிக்குத் திறப்போம்" என்று திகதியோடு எழுதுங்கள். "நாளை திறப்போம்" என்றால் எந்த நாளை என்று படிப்பவருக்குத் தெரியாது. வாடிக்கையாளர்களும் நேரத்தைத் திருத்தும்படி கூகுளுக்குச் சொல்லலாம் என்பதால், பண்டிகைக்கு முதல் நாள் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். ஒரு போயாவன்று எங்கள் கதவு பூட்டியிருந்ததைக் கண்ட ஒருவர் நல்லெண்ணத்தோடு அறிவிக்கப்போய், அடுத்த நாளும் பூட்டு என்றே காட்டியது.

ஹட்டன், புடவைக் கடை:

நவம்பர் 5ஆம் திகதி போயாவுக்கு 9 மணி முதல் 1 மணி வரை என்று பதிந்தேன். கடைக் கணக்கு இல்லாத தங்கையின் கைப்பேசியில் பார்த்தபோது, அந்தக் குறிப்பு போய்ச் சரியான நேரமே தெரிந்தது. 2026 தைப்பொங்கலுக்கும், ஞாயிறன்று வரும் நவம்பர் 8 தீபாவளிக்கும் இப்போதே பதிந்துவிட்டேன். மஸ்கெலியா அம்மா மறுபடி வந்தார். காற்சட்டையை மாற்றிக் கொடுத்து, இரண்டு நாளின் பஸ் காசையும் அப்பா கொடுத்தனுப்பினார்.