இரணைதீவுக் கிணறுகளை எழுதி வைப்போம்

எல்லோருக்கும் வணக்கம்.

தம்பி அனுப்பிய வரைபடம் நல்ல வேலை. ஆனால் கிளிநொச்சிக் கரைக்கு அப்பால் கடலில் இருக்கிற எங்கள் இரணைதீவை ஒற்றைப் புள்ளியாகப் போட்டுப் பக்கத்தில் ‘ஆளில்லாத் தீவு’ என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து மாற்று. இரணை என்றாலே இரட்டைதானே, ஒன்று பெரியது, மற்றது சின்னது. பக்கத்துப் பாலைதீவில் குடியிருப்பு இல்லை, அந்தோனியார் திருவிழாவுக்குத்தான் சனம் போகும், அதற்கு அப்படி எழுதினால் சரி. இரணைதீவு அப்படியில்லை. கோவில், பள்ளிக்கூடம், கிணறு, ஆடு மாடு என்று முழு ஊராக இருந்த இடம்.

என் அம்மம்மா அங்கே பிறந்தவ. கடல் வற்றுகிற நேரம் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்க் கடலட்டை, மட்டி, சங்கு பொறுக்குவார்களாம், அதற்கு வள்ளமும் வேண்டாம், ஆம்பிளைகளின் காசும் வேண்டாம், விற்றது அவர்கள் மடியிலேயே இருக்கும். 1992இல் போரால் இடம்பெயர்ந்து கரையில் முழங்காவில் பக்கம் வந்து இரணைமாதாநகரில் குடியிருந்தபோது ஆம்பிளைகள் எப்படியோ தொழிலுக்குப் போனார்கள், ஆனால் அம்மம்மாவுக்குக் காலடியில் இருந்த அந்தக் கடல் இல்லாமல் போய்விட்டது. இடப்பெயர்வு என்றால் வீடு போனதைத்தான் நாங்கள் சொல்கிறோம், பெண்களின் கையிலிருந்த இந்த உழைப்புப் போனதை யாரும் கணக்கில் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

தீவுக்குத் திரும்பிப்போக விடச் சொல்லி 2017 மே முதலாம் திகதி தொடங்கிய போராட்டம் ஒரு வருசத்துக்குக் கிட்ட நடந்தது. பிறகு 2018 ஏப்ரல் 23 அன்று யாருக்கும் காத்திராமல் வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு சனம் தாங்களே போய் இறங்கியது. இப்போதும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கரைக்குத்தான் வரவேண்டும் என்பதால் பல குடும்பங்கள் அங்கே பாதி, இங்கே பாதி. அதை வைத்து ஆளில்லை என்று சொல்லலாமா?

2021 மார்ச்சில் கொரோனாவில் இறந்தவர்களை அங்கே புதைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது சனம் தெருவில் நின்று மறுத்தது, பிறகு அது நின்றது. இறந்தவர்கள்மேல் யாருக்கும் கோபமில்லை, அவர்களுடைய சொந்தங்கள் கும்பிட எட்டாத கடலுக்கு நடுவில் கொண்டுபோய் வைப்பது அவர்களுக்கும் அநியாயம்தான். ஆனால் ஒரு தீவை வெறும் நிலம் என்று நினைத்தால் எதையும் கொண்டுவந்து போடலாம் என்று தோன்றும், அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கனபேரிடம் காணி உறுதி இல்லை, ஓடின ஓட்டத்தில் போய்விட்டது. அதனால் யாருடைய கிணறு எங்கே, எல்லையில் என்ன மரம், கோவிலிலிருந்து எந்தப் பக்கம் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். கனடாவில் இருக்கிற அக்காமார், உங்கள் அம்மாமாரை போனிலேயே பதிவுசெய்து அனுப்பினாலும் போதும், எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்களுடையதை முதலில் தருகிறேன். கோவிலுக்குத் தெற்கே, ஒரு பூவரசுக்குக் கீழே, கல்லுக் கட்டின கிணறு. காலையில் நல்ல தண்ணீர், பின்னேரம் கொஞ்சம் உவர்க்குமாம். பக்கத்து வளவு யாருடையது என்று அம்மம்மாவுக்கு நினைவு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.