தோல்விக்குப் பின் தயங்கும் மகளுக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி:
13 வயதாகும் என் மகள், நீளம் தாண்டுதலில் மூன்று முயற்சிகளிலும் கால் ஊன்றித் தாவும் பலகையைத் தாண்டி மிதித்துத் தவறிய நாளிலிருந்து, ஓடிவரும்போதே குனிந்து பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்துவிடுகிறாள். அவளது நம்பிக்கையை எப்படி மீட்பது?

மறுமொழி 1:
நான் பயிற்சியாளர். இந்த வயதில் உயரமும் காலடி நீளமும் விரைவாக மாறுவதால் ஓடத் தொடங்கும் இடத்துக்கான பழைய குறி பொருந்தாமல் போவது இயல்பு. அது துணிவின் குறையன்று என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். சில நாள்கள் பலகையே இல்லாமல் ஓடவிட்டு, கால் விழும் இடத்தை அவளையே அளந்து குறிக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
போட்டி முடிந்ததும் தூரத்தைக் கேட்காதீர்கள், அம்மா. வீடு திரும்பும் வழியெல்லாம் என் தந்தை என் தவறுகளையே விளக்குவார். அந்தப் பயணத்துக்கு அஞ்சியே நான் விளையாட்டை விட்டேன்.

மறுமொழி 3:
அவள் ஓய்வு கேட்டால் மறுக்காதீர்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகிய அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார்.