புதுப்பிப்பு: முன்பக்க இன்டர்கூலர் போட்டாயிற்று

நானே டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) பொருத்திய 1.6 லிட்டர் கார், சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு அழுத்தினால் உள்ளே போகும் காற்று 70 டிகிரியைத் தாண்டுகிறது, எரிபொருள் நேரம் தவறி வெடித்து இன்ஜின் தட்டுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை முன்பக்கம் போடச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தை வெட்டினால் பெரிய கோர் (இன்டர்கூலரில் காற்று குளிரும் பகுதி) உட்காரும் என்றார்கள். மோதலில் உயிரைக் காப்பது அதுதான், கை வைக்கவில்லை, சின்னதாகவே வாங்கினேன்.

சிரமம் பைப்பில்தான். முதல் ஓட்டத்திலேயே சிலிகான் ஹோஸ் கழன்று வண்டி இழுக்கவில்லை, ஏனென்றால் அலுமினியக் குழாயின் விளிம்பில் மேடு இல்லை, கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். காக்கி புக்கிட்டில் வெல்டிங் செய்யும் அண்ணன் ஒவ்வொரு முனையிலும் மேடு வைத்துக் கொடுத்தார். அப்புறம் 15 பிஎஸ்ஐ காற்றடைத்து சோப்புத் தண்ணீர் தெளித்தேன், த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றைத் திறந்துவிடும் வால்வு) பக்கம் ஒரு குமிழி, அதையும் அடைத்தேன்.

இன்னொன்று: ரேடியேட்டர் சூடு ஏறியது. காற்று கோருக்குள் புகாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. இரு பக்கமும் அலுமினியத் தகடு வைத்து மூடியதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

இப்போது 32 டிகிரி வெயிலில் ஓடும்போது உள்ளே போகும் காற்று 46 டிகிரிதான், தட்டல் இல்லை. குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் கூடுதல், அதற்கேற்ப எரிபொருளும் வேண்டும், அதனால் எரிபொருள் அளவைச் சரிபார்க்காமல் பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) ஏற்றப் போவதில்லை.