கடை வாடகைக்கு 8 விழுக்காடு சேவை வரி: கட்டத்தான் வேண்டுமா? (மலேசியா, 2025)

புடவைக்கடை_பினாங்கு:
வணக்கம். லிட்டில் இந்தியாவில் சின்னப் புடவைக் கடை வைத்திருக்கிறேன், வாடகை 3,200 வெள்ளி (ரிங்கிட்). 2025 ஜூலை 1 முதல் வாடகைக்கும் சேவை வரி வந்துவிட்டது, இனி 256 வெள்ளி சேர்த்துக் கட்டுங்கள் என்று கடைவீட்டின் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அவருக்கு இருப்பதே இந்த ஒரு கட்டடம்தான். கேட்பது முறையா?

இந்தப் பக்கம் பட்டுத் துணிக்கும் 5 விழுக்காடு விற்பனை வரி. அரசாங்கப் பட்டியலில் பட்டு, கிங் கிராப் நண்டு, சால்மன் மீன், ட்ரஃபிள் காளானோடு உட்கார்ந்திருக்கிறது. கூறைப் புடவை எடுக்கக் கடன் வாங்கி வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஒருவரும் கிங் கிராப் சாப்பிடுகிறவராகத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை_பிரிக்பீல்ட்ஸ்:
கட்டாதீர்கள் ஐயா. ஆண்டு வாடகை வருமானம் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டுகிறவர்தான் பதிந்து வரி வாங்க வேண்டும். முதலில் 5 லட்சம் என்றார்கள். கூச்சல் எழுந்ததும் ஜூன் கடைசியில் ஏற்றினார்கள். சுங்கத் துறையின் மைஎஸ்எஸ்டி தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். உங்கள் ஆண்டு விற்பனை 10 லட்சத்துக்குக் கீழே என்றாலும் இந்த 2025 விதிப்படி விலக்கு உண்டு.

செந்தூல்_வாசி:
அரசாங்கத்துக்கும் பணம் வேண்டாமா அண்ணே? அரிசிக்குப் போடவில்லை. ஆப்பிள், ஆரஞ்சுக்கும் எடுத்துவிட்டார்கள்.

புடவைக்கடை_பினாங்கு:
கணக்குப்பிள்ளை, நன்றி. பெயரைத் தேடிப் பார்த்தேன், இல்லை. இன்றே பேசுகிறேன்.

தம்பி, வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015லிருந்து 2018 வரை ஜிஎஸ்டி 6 விழுக்காடு இருந்தபோது தாள் வேலை உயிரை வாங்கியது, சரி. ஆனால் பதிந்த கடைக்காரன் கொள்முதலில் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். இப்போது இறக்குமதியிலேயே ஏறிய வரி விலைக்குள் ஒளிந்துகொள்கிறது, கழிக்க வழியில்லை. அதன் மேலேதான் எல்லாரும் லாபம் வைக்கிறோம், நான் உட்பட.

தீபாவளிச் சரக்குக்குப் புது விலை வந்துவிட்டது. 400 வெள்ளிப் பட்டு இப்போது 430. வரி 20 தானே, மீதி 10 எதற்கு என்றால் ‘லோரி டீசல்’ என்கிறார் சரக்குக்காரர். டீசல் லிட்டர் 2.15லிருந்து 3.35 ஆனது 2024 ஜூனில்! ரசீதிலோ வரி என்று தனியாக ஒன்றும் போடவில்லை. வாடிக்கையாளர் என்னைத்தான் திட்டுவார்.

கணக்குப்பிள்ளை_பிரிக்பீல்ட்ஸ்:
சரக்கு லோரிகள் பலவற்றுக்கு ஃபிளீட் கார்டில் (அரசாங்க மானிய டீசல் அட்டை) 2025லும் 2.15தான். அந்த 10 வெள்ளியைப் பேரம் பேசிப் பாருங்கள்.